காவிரிக் கடைமடைக் கரையில் தூண்டிலும் கடலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சிப் பக்கமிருந்து விடுமுறைக்குக் கடல் பார்க்க வருகிறவர்களும், தூண்டில் போட்டுப் பழக ஆசைப்படுகிறவர்களும் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். நாகைப் பக்கம் கழியோரத்திலும் (கடல்நீர் ஏறி இறங்கும் உள்நீர்ப் பரப்பு) கடலோரத்திலும் தூண்டில் போட்டு வளர்ந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன். நம் கரை வெறும் கடற்கரை இல்லை, ஒரு பெரிய ஆற்றின் கடைசித் துண்டு. அதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள பல பதில்கள் தாமாகவே புரியும்.

டெல்டா கடற்கரை என்று எதைச் சொல்கிறீர்கள்?

வடக்கே கொள்ளிடம் கடலில் கலக்கும் பழையாறு. அங்கிருந்து தெற்கே திருமுல்லைவாசல், பூம்புகார், தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் என்று கோடியக்கரை வரை கரை நேராக இறங்குகிறது. கோடியக்கரையில் கரை மேற்கே மடங்கி முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம் என்று போகிறது.

இந்த மடக்குக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கடலின் குணமே வேறு. கிழக்குப் பக்கம் திறந்த வங்காள விரிகுடா: மணல் கரை, உடையும் அலை. மேற்கே பாக் நீரிணைப் பக்கம் ஆழம் குறைவு, அலை குறைவு, சேறு அதிகம். அதிராம்பட்டினத்தில் கடலுக்குள் கொஞ்ச தூரம் நடந்தாலும் முழங்கால் அளவு தண்ணீர்தான் இருக்கும், ஆனால் கால் புதையும். அலையில் விளையாட நினைக்கிறவர்கள் அங்கே போய் ஏமாற வேண்டாம்.

எந்த மாதம் வந்தால் மீன் கிடைக்கும்?

இதற்குக் காலண்டரோடு மேட்டூர் அணையையும் பார்க்க வேண்டும். வழக்கப்படி ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கும். சில நாட்களில் தண்ணீர் கல்லணைக்கு வந்துவிடும். அங்கிருந்து வெண்ணாறு, அரசலாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாக வயலை நனைத்துக் கடைமடைக்கு வந்து சேர வாரக் கணக்கில் ஆகும். அதற்கு முன் கோடையில் சின்ன ஆறுகளின் முகத்துவாரங்களை அலை மணலைத் தள்ளிக் குறுக்கிவிடும், சிலவற்றை மூடியே விடும். உள்ளே தேங்கிய கழித் தண்ணீரில் உப்பு ஏறிக்கொண்டே போகும். அந்த நேரத்தில் கழியில் பிடிக்கிற மீன் சிறுத்துத்தான் இருக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. ஆறு செம்மண் நிறத்தில் வரும், கடல் கொந்தளிக்கும். அந்த இரண்டு மாதமும் தூண்டிலைத் துடைத்து வைத்துவிடலாம்.

என்னைக் கேட்டால் மார்கழியின் பின்பாதியிலிருந்து மாசி வரைதான் நல்ல காலம். வெள்ளம் கொண்டுவந்து போட்ட வண்டலிலும் மக்கிய இலைதழையிலும் கழிக்குள் இறால் குஞ்சுகள் வளர்ந்திருக்கும். தண்ணீர் வடிய வடிய அவை கடலை நோக்கி நகரும். அதை எதிர்பார்த்துக் கொடுவாவும் காலாவும் முகத்துவாரத்தில் வந்து நிற்கும். பனி விலகாத காலையில், வற்று (கடல்நீர் வடியும் ஓட்டம்) இறங்கும் நேரத்தில், பாலத் தூண் பக்கம் தண்ணீர் படீரென்று உடையும். அது கொடுவா இறாலை அடிக்கிற சத்தம். ஒரு முறை கேட்டவர்களுக்கு மறக்காது.

பங்குனியிலிருந்து வைகாசி வரை மணல் கரையில் கிழங்கான் மீன் கிடைக்கும். விடியலில் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடித்துக்கொள்ளுங்கள். ஆடி, ஆவணியில் மேட்டூர் நிரம்பினால் உபரித் தண்ணீரை முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில் விடுவார்கள். அப்போது பழையாறு முகத்துவாரம் வெள்ளக்காடாக இருக்கும், மற்றச் சின்ன முகத்துவாரங்கள் சாதுவாக இருக்கும். ஒரே வாரத்தில் இரண்டு இடத்தில் இரண்டு விதம். அதனால்தான் “இந்த மாதம் வாங்க” என்று யாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வதில்லை.

தடைக்காலத்தில் தூண்டில் போடலாமா?

கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். 2001இல் தொடங்கியபோது 45 நாளாக இருந்தது. 2017இலிருந்து 61 நாளானது. மீன்கள் முட்டையிட்டுப் பெருக விசைப்படகுகளையும் இழுவலைப் படகுகளையும் கரையில் நிறுத்தி வைப்பதுதான் இதன் நோக்கம். கரையில் நின்று ஒற்றைத் தூண்டில் போடுகிறவர்களைக் குறிவைத்த சட்டம் இல்லை. ஆனாலும் அந்த மாதங்களில் வயிறு பெருத்த சினை மீன் ஏறினால் தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இரண்டு மாத வருமானத்தை விட்டு உட்கார்ந்திருக்கிறபோது, பொழுதுபோக்குக்குப் பிடிக்கிற நாம் ஒரு மீனை விடுவது பெரிய காரியம் இல்லை.

அனுமதி வாங்க வேண்டுமா?

கடற்கரையில் கைத்தூண்டில் போட யாரும் சீட்டு கேட்பதில்லை. ஆறு, குளம், ஏரி வேறு கதை. ஊர்க் குளங்களும் ஏரிகளும் பெரும்பாலும் மீன்பாசி குத்தகைக்கு விட்டவை. குஞ்சு வாங்கி விட்டவர் ஒருவர் இருப்பார். கரையில் இருக்கும் டீக்கடையில் “குத்தகை யாருது?” என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். அலையாத்திக் காடும் கோடியக்கரைச் சரணாலயமும் வனத்துறை வசம். அங்கே தூண்டில் வேண்டாம்.

துறைமுகங்களுக்கும் மீன்பிடி இறங்குதளங்களுக்கும் உள்ளே போவதாக இருந்தால் வாசலில் கேட்டுக்கொண்டு போங்கள். படகு உள்ளே வரும் வழியில் நரம்பை (தூண்டில் இழையை) வீசக் கூடாது. இன்ஜின் விசிறியில் சுற்றிக்கொண்டால் அவர்களுக்கு ஒரு நாள் பிழைப்பு போகும்.

என்ன சாமான் வாங்கலாம்?

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குக் கைத்தூண்டில் போதும். 0.35 மில்லிமீட்டர் நரம்பு, ஈயக்குண்டு, சின்ன முள் (தூண்டில் கொக்கி) சில. நரம்பை ஒரு கட்டையிலோ பிளாஸ்டிக் பாட்டிலிலோ சுற்றி வைத்துக்கொண்டால் வேலை முடிந்தது. கம்பும் ரீலும் வாங்க ஆசை என்றால் கழிக்கு 7, 8 அடிக் கம்பு வசதி. அலை தாண்டி எறிய வேண்டிய மணல் கரைக்கு 10 அடிக்கு மேல் தேவைப்படும். எதுவாக இருந்தாலும் வீட்டுக்குப் போனதும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். நம் உப்புக்காற்றில் ரீல் ஒரே வாரத்தில் இறுகிவிடும்.

கூடவே ஒரு குறடும், ஒரு பழைய துண்டும், அறுந்த நரம்பைப் போட ஒரு பையும் எடுத்துக்கொள்ளுங்கள். கழியில் கொக்கும் நாரையும் இரை தேடி நடக்கிற இடத்தில் நரம்பை விட்டுவிட்டு வந்தால் அது காலில் சுற்றிப் பறவை சாகும்.

இரை எது, எப்படிக் கோர்ப்பது?

இறால்தான் எல்லாவற்றுக்கும் பொது. ஐஸில் கிடந்து வெளுத்ததை வாங்காமல், காலையில் வந்த சின்ன இறாலாக வாங்குங்கள். கிழங்கானுக்குத் தலையைக் கிள்ளிவிட்டு ஓட்டை உரித்து, சதையைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்க வேண்டும். முள்ளின் வளைவு முழுக்கச் சதைக்குள் மறைந்து, நுனி மட்டும் மயிரிழை வெளியே தெரிய வேண்டும். சதை தொங்கினால் மீன் அதை மட்டும் பிய்த்துக்கொண்டு போகும். கிழங்கானுக்கு வாய் சின்னது.

கொடுவாவுக்கு உயிர் இறால் வேண்டும். தலையில் கறுப்பாகத் தெரிகிற இடத்தில் குத்தாமல், அதன் முன்னால் கொம்புக்குக் கீழே ஓட்டில் மட்டும் முள்ளை ஏற்றினால் இறால் நெடுநேரம் உயிரோடு நீந்தும். மடவை மீனுக்கு இறாலே வேண்டாம். கோதுமை மாவை இறுகப் பிசைந்து பட்டாணி அளவு உருட்டித் தக்கைக்குக் கீழே தொங்கவிடுங்கள். மடவை முதலில் மூக்கால் இடித்துப் பார்க்கும், தக்கை நடுங்கும். அப்போது இழுக்காதீர்கள். தக்கை ஒரு பக்கமாக நகர ஆரம்பித்த பிறகு மெதுவாகத் தூக்கினால் போதும்.

ஓதம் பார்க்க வேண்டுமா?

கட்டாயம் பார்க்க வேண்டும். நம் கரையில் நாளொன்றுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்று. ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அதனால் அடுத்த நாள் அதே ஏற்றம் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளி வரும். குஜராத் கரையைப் போலப் பெரிய ஏற்ற இறக்கம் இங்கே கிடையாது; அமாவாசை, பௌர்ணமியில்கூட ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் கழி வாய் குறுகல் என்பதால் அந்தக் கொஞ்ச உயரத்துக்கே தண்ணீர் வேகமாக ஓடும். ஏற்றம் நின்று வற்று தொடங்குகிற அரை மணி நேரம்தான் தூண்டிலுக்கு அருமையான நேரம். ஓட்டம் முழு வேகத்தில் இருக்கும்போது ஈயம் தரையில் நிற்காது.

அஷ்டமி, நவமிப் பக்கம் ஓட்டம் மந்தம். மடவைக்கு அது பரவாயில்லை, கொடுவாவுக்கு அவ்வளவு சரிப்படாது.

சட்ரஸ் (ஆற்று மதகுக் கதவு) அடியில் நிறைய மீன் இருக்கிறதே, அங்கே போடலாமா?

இருக்கிறது, உண்மைதான். கடைமடை ஆறுகளில் உப்புத்தண்ணீர் உள்ளே ஏறாமல் இருக்கக் கட்டிய சட்ரஸ்களுக்குக் கீழே நல்ல தண்ணீர் மீனும் உப்புத்தண்ணீர் மீனும் ஒரே இடத்தில் கூடும். ஆனால் கதவைத் தூக்கும் நேரம் உங்களுக்குத் தெரியாது. தூக்கிய சில நிமிடங்களில் நீங்கள் நிற்கிற படி தண்ணீருக்குள் போய்விடும். பாசி பிடித்த சிமெண்டுத் தளத்தில் வழுக்கினால் கீழே சுழல். சட்ரஸிலிருந்து நன்றாகத் தள்ளி, மண் கரை மேல் நின்று போடுங்கள். கீழே இறங்கவே வேண்டாம்.

கொள்ளிடத்தில் அணைக்கரையைச் சுற்றியும் அதற்குக் கீழேயும் முதலைகள் இருக்கின்றன. தண்ணீர் குறைந்த மாதங்களில் அவை மடுக்களில் ஒதுங்கும். தூண்டில் போடுகிறவரும் நிழலுக்கும் மீனுக்கும் அதே மடுவைத்தான் தேடிப் போவார். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று தூண்டில் போடுவதும், அந்தி சாய்ந்த பிறகு கை கால் கழுவ இறங்குவதும் அங்கே கூடவே கூடாது.

பிள்ளைகளோடு கடலில் குளிக்கலாமா? எந்தக் கடற்கரை பாதுகாப்பு?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். வேளாங்கண்ணியிலும் பூம்புகாரிலும் காரைக்காலிலும் ஆண்டுதோறும் குளிக்க இறங்கி உயிரை விடுகிறவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். நீச்சல் தெரிந்தவர்களும் அதில் உண்டு. ஆற்றில் நீந்திப் பழகியவர்களுக்குக் கடலின் இழுப்பு பழக்கமில்லை.

இறங்குவதற்கு முன் பத்து நிமிடம் கரையில் நின்று பாருங்கள். அலை வரிசையாக உடைந்துகொண்டிருக்கும். நடுவே ஓர் இடத்தில் மட்டும் அலை உடையாமல், தண்ணீர் அமைதியாக, கொஞ்சம் கலங்கலாக, நுரையைச் சுமந்துகொண்டு கடலை நோக்கிப் போகும். பார்க்கப் பாதுகாப்பான இடம் மாதிரித் தெரியும். அதுதான் இழுப்பு. உடைந்து கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் திரும்பிப் போகிற வழி அது. அதில் மாட்டினால் கரையைப் பார்த்து நீந்தாதீர்கள், களைத்துப்போவீர்கள். மிதந்தபடி கரைக்கு இணையாக வடக்கிலோ தெற்கிலோ நகருங்கள். இழுப்பின் அகலம் குறைவு. அதைத் தாண்டியதும் அலையே உங்களைக் கரைக்குத் தள்ளும்.

ஆறு கடலில் சேரும் இடத்தில் எக்காலத்திலும் குளிக்க வேண்டாம். நேற்று முழங்கால் ஆழமாக இருந்த மணல் திட்டு இன்று ஆளை மூழ்கடிக்கும் பள்ளமாக இருக்கும். ஆடி அமாவாசை, தை அமாவாசைக்குப் பூம்புகாரில் நீராட வருகிறவர்கள் போலீசாரும் ஊர்க்காரர்களும் காட்டுகிற இடத்தில் மட்டும் இறங்குங்கள். கரை அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகளின் மேல் ஏறிப் படம் எடுப்பதும் ஆபத்து. ஈரப் பாறையில் பிடிமானம் கிடையாது, இடுக்கில் கால் போனால் எலும்பு முறியும்.

துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருந்தால், எண் எதுவாக இருந்தாலும், அன்று கடலைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். வானம் தெளிவாக இருக்கிற நாளிலும் தொலைவில் கிளம்பிய பேரலை வந்து அடிக்கும். அதைக் கள்ளக்கடல் என்று எச்சரிப்பார்கள். 2004 டிசம்பர் 26 அன்று நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அதன் பிறகு இந்தக் கரையில் பிறந்தவர்கள் யாரும் கடலின் எச்சரிக்கையை அலட்சியமாக எடுத்துக்கொள்வதில்லை.

கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் குழுமம் 1093, இந்தியக் கடலோரக் காவல்படை 1554, ஆம்புலன்ஸ் 108.

மீன் முள் குத்திவிட்டால்?

கெளுத்திக்கு முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முள். திருக்கைக்கு வாலில். ஓராவுக்குத் துடுப்புகளில். மூன்றும் விஷ முள். குத்திய இடத்தைக் கழுவிவிட்டு, பொறுக்கிற அளவு சூடான வெந்நீரில் அரை மணி நேரத்துக்கு மேல் அமிழ்த்தி வையுங்கள். சூட்டில் விஷத்தின் வீரியம் குறைந்து வலி இறங்கும். குத்துப்பட்ட கை மரத்துப்போயிருக்கும் என்பதால் சூட்டை மற்றக் கையால் பார்க்க வேண்டும். திருக்கை குத்தினாலோ முள் உள்ளே முறிந்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். டெட்டனஸ் ஊசியை மறக்க வேண்டாம். சொறி (ஜெல்லி மீன்) பட்டால் தேய்க்காமல் கடல் தண்ணீரிலேயே அலம்புங்கள்.

தூண்டிலில் பேத்தை ஏறினால் வயிற்றை ஊதிக்கொண்டு பந்தாகும். பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு விட்டுவிடுங்கள். யார் எப்படிச் சமைக்கச் சொன்னாலும் சாப்பிடாதீர்கள். அதன் விஷம் கொதித்தாலும் போகாது.

எதையெல்லாம் பிடிக்கக் கூடாது?

கடல் ஆமை, கடல் குதிரை, கடல் அட்டை, ஆவுளியா என்கிற கடல் பசு எல்லாம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உள்ளவை. தொட்டாலே வழக்கு. ஆவுளியாவுக்காகவே 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் காப்பகமாக அறிவித்தார்கள். அது கடற்புல் மேய்ந்து வாழும் பிராணி. அந்தப் புல்வெளிதான் நம் இறாலுக்கும் நண்டுக்கும் தொட்டில்.

வயிற்றில் மஞ்சள் முட்டையோடு இருக்கிற பெண் நண்டை விட்டுவிடுவது சட்டத்துக்காக இல்லாவிட்டாலும் செய்ய வேண்டியது. உள்ளங்கை நீளம்கூட இல்லாத கொடுவாக் குஞ்சையும் விடுங்கள்.

தூண்டில் போடாதவர்களுக்கு என்ன இருக்கிறது?

கோடியக்கரை ஒன்றே போதும். 1967இல் சரணாலயமானது, 2002இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வெளிமான் கூட்டம் புல்வெளியில் மேயும். பனிக்காலத்தில் பூநாரைகளும் உள்ளான்களும் சதுப்பில் இறங்கும். அக்டோபர் முதல் மார்ச் வரை பல ஊர் மீனவர்கள் அங்கே வந்து கொட்டகை போட்டுத் தங்கித் தொழில் செய்வார்கள். கரை முழுக்க நடமாட்டமாக இருக்கும்.

முத்துப்பேட்டையில் வனத்துறை அனுமதியோடு படகில் அலையாத்திக் காட்டுக்குள் போகலாம். 2018 நவம்பர் 16 கஜா புயலில் மிகவும் அடிபட்ட காடு அது. சேற்றிலிருந்து பென்சில் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சு வேர்களையும், அவற்றின் மேல் தாவி ஏறும் சேற்று மீன்களையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

தரங்கம்பாடியில் 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. மல்லிப்பட்டினம் பக்கம் இரண்டாம் சரபோஜி கட்டிய எட்டடுக்கு மனோரா. இரண்டுக்கும் மாலையில் போவது நல்லது.

இரவில் கடற்கரையில் ஆமை பார்க்கலாமா?

பங்குனி ஆமைகள் ஜனவரியிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை இந்த மணலில் முட்டையிட வரும். ஒரு குழியில் நூறு முட்டை சுமார். டார்ச், செல்போன் வெளிச்சம் பட்டால் தாய் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும். குஞ்சுகளோ வெளிச்சத்தைக் கடல் என்று நினைத்து ஊர்ப் பக்கம் ஊர்ந்து போய்ச் சாகும். அதனால் தனியாகத் தேடிப் போகாதீர்கள். வனத்துறை முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்து, 45 முதல் 60 நாளில் வெளிவரும் குஞ்சுகளைக் கடலில் விடும்போது கேட்டுக்கொண்டு போய்ப் பாருங்கள். நாய் தோண்டிய குழியையோ செத்து ஒதுங்கிய ஆமையையோ பார்த்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

மீனவர் ஊருக்குள் எப்படி நடந்துகொள்வது? கரைவலை இழுக்கும்போது கை கொடுக்கலாமா?

கடற்கரை நமக்கு உல்லாச இடம், அவர்களுக்கு வேலை செய்யும் களம். காயப் போட்ட வலையை மிதிக்காமல், தாண்டாமல், சுற்றிப் போங்கள். ஏற்றி வைத்த படகில் உட்காரக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஊரிலும் ஊர்ப் பஞ்சாயத்து இருக்கும். இந்த இடத்தில் குளிக்காதே, இங்கே தூண்டில் போடாதே என்று அவர்கள் சொன்னால் காரணம் இருக்கும்.

கரைவலைக்கு ஆள் எப்போதும் தேவைதான். “அண்ணே, நானும் பிடிக்கலாமா?” என்று கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே இடம் விடுவார்கள். கயிற்றின் வெளிப்பக்கம் நில்லுங்கள். இரண்டு கயிறுகளுக்கு நடுவே நின்றால் மடி (மீன் சேரும் வலைப் பை) கரையேறும் நேரத்தில் கால் சிக்கும். அவர்கள் தாளத்துக்குப் பின்னோக்கி நடந்து இழுக்க வேண்டும், தனியாக வெட்டி இழுக்கக் கூடாது. மடி மணலில் ஏறியதும் பெண்கள் கூடையோடு வந்துவிடுவார்கள். நெத்திலி, காரப்பொடி, சாளை என்று பிரிக்கும்போது தள்ளி நின்று பாருங்கள். யாருக்கு எத்தனை பங்கு என்பது முன்பே பேசி வைத்தது. குழம்புக்கு ஒரு கை அள்ளிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். கூடுதலாக வேண்டுமென்றால் ஏலம் முடிந்த பிறகு காசு கொடுத்து வாங்குங்கள், பேரம் பேசாமல்.